‘இ’ பிரிவில் விழுந்த நாற்பத்தொரு வீடுகள்

அத்தியாயம் 14

கல்லேரிக்கரைக்கு அன்றைக்குத் தண்ணி லாரி வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. ரேஷன் கடைச் சுவரில் மூன்று தாள் ஒட்டியிருந்தது. குடத்தைக் கீழே போட்டுவிட்டு எல்லோரும் அங்கே நின்றார்கள்.

கரையில் இருக்கிற இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டையும் சர்க்கார் எடுக்கப் போகிறது என்பது போன மாசமே முடிவாகிவிட்டது. எடுத்து எங்கே போடுவார்கள் என்பதுதான் கேள்வி. மூன்று பிரிவு என்றார்கள். 2005-க்கு முந்தி வந்தவர்கள் ‘அ’. அவர்களுக்கு ரெண்டு கிலோமீட்டரில் கட்டி நிற்கிற அடுக்குமாடியில் வீடு. அதற்கப்புறம் 2015 வரைக்கும் வந்தவர்கள் ‘ஆ’. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி எங்கேயோ வீடு. மிச்சப் பேர் ‘இ’. அவர்களுக்கு ஒன்றுமில்லை. பதினைந்து நாளில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

பட்டியலைப் படிக்கச் சின்னதம்பியைத் தேடினார்கள். தாம்பரம் குடோனில் முப்பது வருஷமாகச் சிமெண்ட் மூட்டை சுமக்கிற மனுஷன். நாற்பத்து மூன்று வயசில்தான் எழுத்துக் கற்றுக்கொண்டார். கரையில் படித்த பிள்ளைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அதுகள் ஓட்டமாக வாசித்துவிட்டுப் போய்விடும். சின்னதம்பி விரலை வைத்து ஒவ்வொரு பெயராகச் சத்தம் போட்டுப் படிப்பார். கேட்கிறவர்களுக்கு அதில் ஒரு நம்பிக்கை.

முதல் தாளில் இருபத்து மூன்றாவது வரியில் விரல் நின்றது. “சின்னதம்பி. தகப்பன் பேரு ஏகாம்பரம்.” குரல் அவரை மீறிக் கொஞ்சம் உயர்ந்தது. பின்னால் மீன் அன்னக்கூடையோடு நின்ற அவர் மனைவி அங்காளம்மா, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள். செம்பாக்கம் தெருக்களில் மீன் விற்கிறவள் அவள். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டிப் போட்டிருந்தால் அந்தக் கூடையை ஏரியில்தான் வீசியிருக்க வேண்டும்.

முதல் தாள் முடிந்தது. இரண்டாவது தாளும் முடிந்தது. மூன்றாவது தாளில் முதல் பெயரே பொன்னுசாமி.

“சரியாப் பாருடா தம்பி” என்றார் பொன்னுசாமி மேஸ்திரி. கூட்டத்தின் ஓரத்தில், தோளில் துண்டோடு நின்றிருந்தார். அறுபத்தாறு வயசு.

சின்னதம்பி பார்த்தார். எழுத்து மாறவில்லை.

“‘இ’ன்னுதான் போட்டுகீதுண்ணே.”

“நான் இங்க கூரை போட்டப்போ கரையில ஒரு நாய்கூட கெடையாது. நீ பொண்டாட்டியக் கூட்டிகினு வந்து நின்னப்போ என் வூட்டுல தானடா மூணு நாளு சோறு துன்ன? நீ ‘அ’. நான் ‘இ’யா?”

மேலே படிக்கச் சொன்னார்கள். படித்தார். பியூலா ‘இ’. தனக்கோடி ‘இ’. படிக்கப் படிக்கக் கூட்டம் அவரை விட்டு ஒரு அடி தள்ளி நின்றது.

“இத கம்ப்யூட்டர்ல போட்டது யாருன்னு கேளுங்க மேஸ்திரி” என்றாள் டெய்லர் பியூலா. அவள் சத்தம் போடவில்லை. அதுதான் குத்தியது. “நம்ம ஜெயஸ்ரீ ஆபீஸ்ல தான ஏத்துனாங்க? பொண்ணு உக்காந்து அடிச்சா அப்பன் வூட்டுக்கு ‘இ’ வருமா?”

“பியூலா! வாயக் கழுவு!” அங்காளம்மா கூடையை இறக்கினாள். “எம் பொண்ணு ஒருத்தர் சோத்துல மண்ணு போடுறவ இல்ல.”

“அப்ப இது இன்னா அக்கா? மண்ணு இல்லாம மசாலாவா?”

பொன்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஆட்சேபணை இருந்தால் இன்று மாலை ஐந்து மணிக்குள். சின்னதம்பி அதை இரண்டு தடவை படித்தார். வேலைக்குப் போகாமல் தாம்பரம் பஸ் ஏறினார். ‘உம் பொண்ணு அப்படிச் செஞ்சாளா’ என்று கேட்ட ஆளிடமெல்லாம் சண்டை போட்டிருப்பார். ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அதே கேள்வி அவருக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. வெட்கமாக இருந்தது.

* * *

ஜெயஸ்ரீக்கு இருபத்து மூன்று வயசு. முடிச்சூர் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் அவள் ஆபீஸ். சர்வே ஃபாரங்களை வாங்கி கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிற இடம். தன் வீடு எங்கே என்று கேட்டபோது சேலையூரில் இருக்கிற அத்தை வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தாள். ஏரிக்கரை என்று எழுதினால் வேலை தர மாட்டார்கள் என்று பயம். பிறகு ஏரிக்கரை ஃபாரமே அந்த ஆபீஸுக்கு வந்து சேர்ந்தது. அப்போதும் சொல்லவில்லை.

கீழே டீக்கடைக்கு வந்தவள் அப்பா முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“இன்னாப்பா? அம்மாவுக்கு எதனா?”

“பொன்னுசாமி அண்ணன் ‘இ’யில கீறாரு. பியூலா, தனக்கோடி, எல்லாம் ‘இ’. நம்ம மட்டும் ‘அ’.” டீ கிளாஸைத் தொடாமலே கேட்டார். “நீ எதனா கை வெச்சியாம்மா?”

அவள் கண் கலங்கவில்லை. வெறுமனே பார்த்தாள்.

“நீயே கேக்குறியாப்பா?”

“கேக்காம எப்டி? காலைல ஊரே கேட்டுச்சு.”

“நான் ஒருத்தர் பேரையும் எடுத்து எங்கயும் வெக்கல. இருநூத்துப் பன்னெண்டு பேர யாரு கையால பிரிப்பாங்க? ஒரு ஃபார்முலா போட்டேன். வருஷம் 2005-க்குக் கீழ இருந்தா ‘அ’ போடு. இல்லேன்னா 2015 வரைக்கும் இருக்கான்னு பாரு, இருந்தா ‘ஆ’. ரெண்டும் இல்லேன்னா ‘இ’. மொத வரியில எழுதி கீழ வரைக்கும் இழுத்து விட்டேன். அதுவே பிரிச்சிருச்சு. எங்க ஆபீஸ் லோகநாதன் சார்கூட நல்லா செஞ்சன்னு சொன்னாரு.”

“அப்ப பொன்னுசாமி அண்ணன் வருஷம் என்னான்னு கீது அதுல?”

“இரு, பாத்துட்டு வரேன்.”

மேலே போனவள் பத்து நிமிஷம் கழித்து வந்தாள். படியில் இறங்கும்போதே நடை மாறியிருந்தது. கையில் போன். கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்து வைத்திருந்தாள். அப்பாவிடம் காட்டினாள்.

சின்னதம்பி விரலை வைத்துப் படித்தார். பொன்னுசாமி பெயர். அதற்கு நேராக, வருஷம் இருக்க வேண்டிய கட்டத்தில், ‘சுனாமிக்கு முன்ன’. அடுத்த வரி பியூலா. ‘சுனாமிக்கு முந்தின வருசம்’. அதற்கடுத்து, ‘சுனாமிக்கு ரொம்ப முன்ன’.

“நாப்பத்தொரு பேருக்கு இப்படி இருக்குப்பா. ஃபாரத்துல என்ன இருக்கோ அதையே அடின்னு ஆர்டர். அடிச்சிட்டேன். மூணு நாள்ல முடிக்கணும்னு ஓட்டுனாங்க. எழுத்தா எண்ணான்னு நின்னு பாக்கல.”

“சுனாமிக்கு முன்னன்னா 2005-க்கு முன்னதான? சரியாத்தான கீது?”

“நமக்குத் தெரியும். அதுக்குத் தெரியாது. எண்ணு இருக்கற எடத்துல எழுத்து இருந்தா, எந்த எண்ணை விடவும் எழுத்துதான் பெருசுன்னு எடுத்துக்கும். 2005-க்குக் கீழயான்னு பாக்கும், இல்ல. 2015-க்குள்ளயான்னு பாக்கும், இல்ல. கடைசில கொண்டுபோய் ‘இ’யில தள்ளிரும்.”

“எழுத்துதான் பெருசா” என்றார் சின்னதம்பி.

“ஆமாப்பா.”

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நாற்பத்தொரு வரியையும் யார் எழுதியது என்று அவருக்குப் படிக்காமலே தெரியும்.

சர்வேக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஃபாரத்தைக் கட்டாகக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் பூர்த்தி பண்ணித் தரச் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதத் தெரியாதவர்கள் எல்லாம் சின்னதம்பியிடம் வந்தார்கள். ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்து நாள் பூராவும் எழுதினார். எப்ப வந்தே என்று கேட்டால் கரையில் யார் வருஷம் சொன்னார்கள்? சுனாமிக்கு முன்ன என்பார்கள். வெள்ளத்துக்கு முந்தின வருசம் என்பார்கள். சொன்னதைச் சொன்னபடி, ஒரு கொம்பு சுழி விடாமல், கட்டத்துக்குள் அடக்கி எழுதினார். பியூலா பக்கத்தில் நின்று, அச்சு மாதிரி இருக்குண்ணா என்றாள். பொன்னுசாமி கட்டை விரலில் மை தடவி அடியில் வைத்துவிட்டு, எங்களுக்கெல்லாம் நீ இருக்கடா என்றார். சின்னதம்பி வீட்டு ஃபாரத்தை மட்டும் ஜெயஸ்ரீ எழுதினாள். 2003 என்று போட்டாள்.

அன்றைக்கு வந்த பெருமையில் ராத்திரி சோறுகூட இறங்கவில்லை. இப்போது டீ இறங்கவில்லை.

“மேல கூட்டிகினு போ” என்றார். “உங்க சார்கிட்ட நானே சொல்றேன்.”

“அப்பா, நீ வந்தா...” அவள் முடிக்கவில்லை. வந்தால் எந்த ஊர், எந்த வீடு எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்துதான் நின்றாள். பிறகு முன்னால் படியேறினாள்.

* * *

லோகநாதன் கெட்ட மனுஷன் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர் மூடிவைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“லிஸ்ட் ஒட்டியாச்சேம்மா. அஞ்சு மணிக்கு ஃபைனல் ஃபைல் போயிடும். நடுவுல நாப்பத்தொரு பேர் ‘இ’லேர்ந்து ‘அ’க்குப் போனா என்னை என்ன கேப்பாங்க தெரியுமா? எவ்ளோ வாங்கினேன்னு கேப்பாங்க.”

“எழுதினது நான் சார்” என்றார் சின்னதம்பி. “எண்ணு போட வேண்டிய கட்டத்துல எழுத்து எழுதிட்டேன். தப்பு என்னுது. அவங்க சொன்னது சரிதான்.”

“நீங்க யாரு?”

சின்னதம்பி மகளைப் பார்த்தார். அவள் முந்திக்கொண்டாள்.

“எங்க அப்பா சார். நாங்க அந்தக் கரையிலதான் இருக்கோம்.”

லோகநாதன் அவளையே பார்த்தார்.

“சேலையூர்னு குடுத்தியே?”

“பொய் சார்.”

அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சின்னதம்பி முன்னால் வைத்தார்.

“நீங்க சொன்னதை உங்க கையாலயே எழுதிக் குடுங்க. கையெழுத்தும் போடுங்க. நாப்பத்தொரு ஃபாரத்தையும் என் எதிர்ல ஒண்ணொண்ணா படிச்சு வருஷம் சொல்லுங்க. நான் ஒத்துக்கிட்டா திருத்தலாம். இன்னொண்ணு. திருத்தின பேர் எல்லாத்துக்கும் இன்னைக்கே ஆள் போய், வீடு நிக்குதான்னு பாத்துக் கதவுல நம்பர் போடணும். வீடும் ஆளும் இல்லேன்னா அந்த வரியை எடுத்துடுவாங்க. நாலு மணிக்கு ஸ்ரீரங்கன்னு ஒரு பையன் வருவான்.” ஜெயஸ்ரீ பக்கம் திரும்பினார். “நீ இதை முடிச்சுக் குடுத்துடும்மா. நாளையிலேர்ந்து வர வேணாம்.”

“சரி சார்” என்றாள்.

சின்னதம்பி எழுதினார். கால் மணி நேரம் ஆயிற்று, ஆறு வரிக்கு. ‘தவறு’ என்ற சொல்லில் பேனா நின்று நின்று போயிற்று. பிறகு ஃபாரம் ஒவ்வொன்றாகப் படித்தார். சுனாமிக்கு முன்ன. 2004 போடுங்க சார். சுனாமிக்கு முந்தின வருசம். 2003. முப்பத்தொன்பது ஃபாரம் அப்படியே போயிற்று. தனக்கோடி ஃபாரத்தில் ‘வெள்ளத்துக்கு முந்தின வருசம்’ என்று இருந்தது.

“இது?” என்றார் லோகநாதன்.

தனக்கோடி அவரோடு ஒரே குடோனில் மூட்டை சுமக்கிறவன். 2004 என்று சொன்னால் இங்கே யாருக்குத் தெரியும்? ஃபாரத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

“2014 சார்” என்றார். “அவன் ‘ஆ’தான்.” அடுத்ததும் அப்படியே ஒன்று. அதுவும் ‘ஆ’.

ஜெயஸ்ரீ கட்டத்தில் எண்களை அடித்தாள். அடிக்க அடிக்கப் பக்கத்துக் கட்டத்தில் ‘இ’ மறைந்து ‘அ’ வந்தது. ஒரு சத்தம் இல்லை. கண்ணை இமைக்கிற நேரம்கூட இல்லை. இவ்வளவுதானா, என்று சின்னதம்பிக்குத் தோன்றியது. இந்த ஒரு கட்டத்துக்குள்தானா இத்தனை பேர் வாழ்க்கையும் கிடந்தது.

“நீ கெளம்புப்பா” என்றாள் மகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நாலு மணிக்கு எல்லாரும் வூட்ல இருக்கணும். போய்ச் சொல்லு.”

* * *

மூன்றேகாலுக்குக் கரையில் இறங்கி ஓடினார். பியூலா வீட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். அவள் மிஷினை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அண்ணா, காலைல நான் பேசுனது...”

“அத வுடு. மேஸ்திரி எங்க?”

அவள் கையைக் காட்டினாள்.

வீடு இருந்த இடத்தில் நாலு சவுக்குக் கம்பு நின்றது. கூரைத் தகரம் இல்லை. கதவு இல்லை. சுற்றி அடைத்திருந்த பலகை இல்லை. மேஸ்திரி தன் கையால் போட்ட சிமெண்ட் தரை மட்டும் சுத்தமாகப் பெருக்கிக் கிடந்தது. போகிறவர் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

“எவனோ வந்து இடிக்கிறதுக்கு நானே பிரிச்சுக்கிறேன்னு சொன்னாரு” என்றாள் பியூலா. “யாரு சொல்லியும் கேக்கல. குட்டி யானை வண்டில ஏத்திகினு குன்றத்தூருக்கு மாப்ள வூட்டுக்குப் பூட்டாரு.”

சின்னதம்பி போன் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டார். ஸ்விட்ச் ஆஃப். குன்றத்தூர் போய் ஆளைக் கண்டுபிடித்து, அந்த மானஸ்தனைச் சமாதானப்படுத்திக் கூட்டிவர ராத்திரி ஆகிவிடும். மணி மூன்று இருபத்தைந்து.

தரை நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன் வீட்டுக்குப் போய்த் தகரக் கதவைக் கொக்கியிலிருந்து கழற்ற ஆரம்பித்தார்.

“யோவ், இன்னாயா பண்ற?” அங்காளம்மா மீன் கழுவின கையோடு வந்தாள்.

சொன்னார். அவள் கேட்டாள். ஆபீஸில் நடந்ததையும் சொன்னார். மகளுக்கு வேலை போனதையும் சொன்னார். அவள் புடவையில் கையைத் துடைத்தாள்.

“பைத்தியமா ஒனக்கு? வூட்டத் தொறந்து போட்டுட்டு அடுத்தவனுக்குக் கதவு வெப்பியா? அவுரு ஒன்ன நம்பாமப் போனாரு. போவட்டும்.”

“நான் எழுதுன எழுத்துலதான் போனாரு.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அறிவு கெட்ட மனுஷா” என்றாள். பிறகு கதவின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

இரண்டு கம்புக்கு நடுவே கதவை நிறுத்திக் கயிற்றால் கட்டினார்கள். மேலே அங்காளம்மாவின் மீன் கடை நீலத் தார்ப்பாய். பின்பக்கத்துக்குப் பியூலா மூன்று பழைய புடவையைக் கொண்டுவந்து கட்டினாள். ஒரு குடமும் ஸ்டவ்வும் உள்ளே வைத்தார்கள். காற்றடித்தால் எல்லாம் ஆடியது.

நாலு மணிக்கு ஸ்ரீரங்கன் வந்தான். கல்யாணம் ஆகாத வயசு, வெயிலில் சிவந்த முகம், ஒரு கையில் பெயிண்ட் டப்பா, இன்னொரு கையில் நோட்டு. ஒவ்வொரு வீடாக வந்தான். பொன்னுசாமி பெயர் இருந்த எண்பத்தேழாவது வரிக்கு வந்தபோது கதவையும் தார்ப்பாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்ன இது, இன்னைக்குக் கட்டினதா?”

“கூரை பழசு சார். மாத்திகினு இருந்தோம்” என்றாள் அங்காளம்மா.

“பொன்னுசாமி யாரு?”

ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து தார்ப்பாயைத் தூக்கிப் போட்டது.

“நான்தான் சார்” என்றார் சின்னதம்பி.

ஸ்ரீரங்கன் பியூலா பக்கம் திரும்பினான். “இவருதானே பொன்னுசாமி?”

காலையில் ஊர் கூடின இடத்தில் அந்த மனுஷனைக் கிழித்துப் போட்டவள் அவள்.

“ஆமா சார். எங்க மேஸ்திரி.”

அவன் கதவில் 87 என்று எழுதினான். நோட்டை நீட்டினான். பேனாவையும் நீட்டிவிட்டு, ஏதோ பார்த்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். “ஃபாரத்துல ரேகைன்னு இருக்கு. கையெழுத்து வராதா பெரியவரே?”

சின்னதம்பிக்கு நாற்பத்து மூன்றாவது வயசு ஞாபகம் வந்தது. குடோன் கூலிப் பதிவேட்டில் முதன்முதலாகப் பெயரை எழுதிய அன்றைக்கு, இனி செத்தாலும் இந்த விரலை மையில் வைக்க மாட்டேன் என்று அங்காளம்மாவிடம் சொல்லியிருந்தார். பதினோரு வருஷம் வைக்கவில்லை.

“வராது சார்” என்றார்.

மை டப்பா திறந்தது. இடது கட்டை விரலைத் தடவி, பொன்னுசாமி என்று எழுதியிருந்த இடத்துக்கு நேராக வைத்து அழுத்தினார். அங்காளம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்ரீரங்கன் நோட்டை மூடப் போனவன் மறுபடி திறந்தான்.

“இன்னைக்கு இவ்ளோதான். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மத்த ‘அ’ வீடெல்லாம். நானேதான் வருவேன். ஆள் நேர்ல இருக்கணும், இல்லேன்னா வரி போயிடும். அப்புறம், சின்னதம்பின்னு ஒருத்தர் இருக்காராமே, இந்த ஃபாரமெல்லாம் எழுதினவர்? அவரை முதல்ல பாத்து விசாரிக்கச் சொல்லியிருக்காங்க. எந்த வீடு?”

சின்னதம்பி மை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

“அதோ, கதவு இல்லாம கீது பாரு, அந்த வூடுதான் சார்” என்றாள் அங்காளம்மா. “என் வூட்டுக்காரருதான். வேலைக்குப் போய்கீறாரு. நாளைக்கு இருப்பாரு.”